நடுவில் இருந்த இருபத்திரண்டு நிமிடம்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. ஆனால் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

நான் ஆஸ்பத்திரியில் இறப்புப் பதிவேடு எழுதும் கிளார்க். இறந்த நேரத்தை நர்ஸ் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவார். சாயங்காலம் அதைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டுச் சீட்டைக் கிழித்துப் போடுவேன். அப்புறம் பதிவேடு சொல்வதுதான் வேதவாக்கு.

அன்று கார் விபத்தில் ஒரு தம்பதி. பிள்ளை இல்லை. கணவன் இறந்தது 2.10. மனைவி 2.32.

ஐந்து மணிக்குக் கணவனின் அண்ணன் வந்தார். கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

“ஒருத்தர் போனா உயிரோட இருக்கிற இன்னொருத்தருக்கே எல்லாம்னு ரெண்டு பேரும் உயில் எழுதியிருக்காங்க. தம்பி முதல்ல போனதா இருந்தா சொத்து அவன் பொண்டாட்டிக்கு. அவளுக்கப்புறம் அவ தங்கச்சிக்கு. அவ முதல்ல போனதா இருந்தா தம்பிக்கு. அவனுக்கப்புறம் எனக்கு.”

“அதுக்கு?”

“நேரத்தை மாத்திப் போடுங்க. ரெண்டு பேரும்தான் போயாச்சே... யாருக்கு என்ன நஷ்டம்?”

யாருக்கென்று எனக்குத் தெரியும். நடக்க முடியாத அந்தத் தங்கை தம்பதியின் வீட்டில்தான் இருந்தாள் என்று உடன் வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் என் மகனுக்கு வேலை போட்டுத் தருவதாகச் சொன்னார். புத்தி புல் மேயப் போயிருந்தது. மாற்றி எழுதினேன்.

மறுநாள். மணி 2.10. அறையில் நான் மட்டும்.

யாரோ மூச்சு வாங்கினார்கள். ஹ்ஹ்... ஹ்ஹ்... எலி என்று நினைத்தேன். எலி எங்கே இப்படி மூச்சு வாங்கும்? சத்தம் மூடிய பதிவேட்டுக்குள்ளிருந்து வந்தது. திறந்தேன். நின்றது. மூடினேன். ஹ்ஹ்...

2.32. சட்டென்று அடங்கியது.

அடுத்த நாளும் 2.10. இப்போது பதிவேட்டில் இல்லை.

என் காதோரம்.

மூன்றாம் நாள்... மூச்சுத் திணறியது எனக்கு. நெஞ்சின் மேல் ஈரமான ஒரு கை. அழுத்தியது. கொஞ்சம் விட்டது. மறுபடி அழுத்தியது.

“என் நேரத்தைக் குடு.”

பெண் குரல்.

2.32 வரை... விடவே இல்லை.

அன்றே பெரிய டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வேலை போனது. போகட்டும். கோர்ட்டில் உண்மையைச் சொன்னேன். வீடு தங்கைக்கே கிடைத்தது. அண்ணன் அதைப் பார்க்க இல்லை. கட்டிலில் படுத்தபடியே செத்துக் கிடந்தார். நெஞ்செலும்பு நொறுங்கியிருந்தது. எப்படியென்று டாக்டருக்கே விளங்கவில்லை.

போன மாதம், அன்று சீட்டு எழுதி அனுப்பிய நர்ஸைப் பார்த்தேன்.

“அந்த அம்மா கடைசி வரைக்கும் நினைவோடதான் இருந்தாங்க அண்ணே. ‘அவர் போன நேரத்தைக் குறிச்சுட்டீங்களா? அவரோட அண்ணன் மாத்திடுவான்’னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், பதிவேடு எழுதுறது யாருன்னு கேட்டாங்க.”

“நீ என்னம்மா சொன்னே?”

“உங்க பேரைச் சொன்னேன். அதைக் கேட்டுட்டுத்தான் கண்ணை மூடினாங்க.”