மையில்லாத அச்சு

எங்கள் மகளுக்குப் பிறக்கும்போதே உயிரில்லை. மயக்கத்தில் கிடந்த நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் கணவர்தான் கையில் வாங்கிப்போய் அடக்கம் செய்தார். "பாப்பா எப்படிங்க இருந்தா?" என்று கேட்டால், மைன்ஸ் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார்.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் பகலெல்லாம் தனியாகக் கிடந்தேன். கல்லூரியில் கற்ற ஜப்பானிய மரக்கட்டை அச்சுமுறையில் அவள் முகத்தைச் செதுக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு குழந்தைதான் வந்தது. பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஒருநாள் கண்ணும் மூக்கும் வேண்டாமென்று, மனம் போனபடி வெறும் வளைவுகளாகக் குடைந்தேன். அந்த முறையில் மை தடவாமல் எடுக்கும் அச்சும் உண்டு. ஈரத்தாளைப் பலகைமேல் வைத்து அழுத்தித் தேய்த்தேன். வெள்ளைத்தாளில் வெள்ளை மேடுகள் மட்டும் எழுந்தன.

ஷிப்ட் முடிந்து வந்தவர் அதைக் கையில் எடுத்தார்.

"இன்னாம்மா, வெறும் பேப்பரா இருக்கு?"

"பாப்பாங்க," என்றேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மேட்டின்மேல் விரலை ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"நெத்தி இப்பிடித்தான் மேடா இருந்துச்சு. தல நெறைய முடி. தூங்கிகினு இருக்கிற மாதிரியே இருந்தா. இத எப்பிடி உங்கிட்ட சொல்லுவேன்?"

அப்படியே தரையில் உட்கார்ந்து கதறினார். நானும் அழுதேன்.

அந்த முகத்தை இன்றும் என்னால் செதுக்க முடியவில்லை. பார்க்காத நான்தான் தவிக்கிறேன் என்று நினைத்திருந்தேன். பார்த்தவர் அந்த முகத்தோடுதான் தினமும் சுரங்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்.