உப்புத் தண்ணிக்கு ஒரு மூட்டை உப்பு

ஒரு மார்கழிக் காலையில் எங்கள் கெய்சர் மறுபடியும் நின்றுபோனது. என் மாமனார் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்த இயந்திரம் நின்றாலும் மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் தானே ஒருமுறை கழற்றிப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. அன்றைக்கும் ஸ்பேனரோடு குளியலறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில், "சாமி, இங்க ஓடியா!" என்று என்னைக் கூப்பிட்டு அவர் போட்ட சத்தத்தில் நான் தோசைக் கரண்டியோடு ஓடினேன்.

அவர் கையில் தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருளான 'காயில்' இருந்தது. காயில் என்று அவர் சொன்னதால் நம்பினேன். பார்வைக்கு அது ஏதோ கடலடியிலிருந்து எடுத்த கல் மாதிரி இருந்தது. சுற்றிலும் வெள்ளையாக, சொரசொரப்பாகச் சுண்ணாம்பு கட்டிக்கொண்டிருந்தது. ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினார். ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது.

"இதையத்தான் தெனமும் தலையில ஊத்திக்கிட்டிருக்கறமா?" என்றார்.

காயில் போனதற்கு வருத்தப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ கைதட்ட வேண்டும் போல இருந்தது. நான் எடப்பாடிப் பக்கம், காவிரித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள். கல்யாணமாகி ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் இந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே, சோப்பு நுரைக்காமல் திரிந்த பால் மாதிரி உடம்பில் திரிதிரியாக ஒட்டியது. தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நாராகிவிடும். "போர் தண்ணி அப்பிடித்தான், பழகிரும்" என்று கணவர் சொல்லிச் சொல்லியே வருடங்கள் ஓடியிருந்தன. நான் குறை சொல்லும் தண்ணீரின் லட்சணம் இப்போது மாமாவின் உள்ளங்கையில் இருந்தது.

தண்ணீரை மாற்றியே தீருவது என்று அன்று முதல் நானும் மாமாவும் ஒரு கட்சி. எதிர்க்கட்சி அத்தை. கணவருக்குத் திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிகளின் உதிரிபாகக் கடையில் வேலை. காலையில் போனால் இருட்டியபிறகுதான் வருவார். அதனால் அவர் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மாமா கைபேசியில் தண்ணீர் வீடியோக்களாகப் பார்க்க ஆரம்பித்தார். அந்த வேகத்தில் ஒரு விற்பனைக்காரரையும் வரவழைத்துவிட்டார். வந்தவர் குழாயைச் சுற்றி மாட்டும் ஒரு காந்தப் பட்டையைக் காட்டினார். கரண்டு வேண்டாம், உப்பு வேண்டாம், மாட்டினால் போதும் என்றார். அத்தைக்கு அது பிடித்துவிட்டது. நான் ஒரு சின்ன பாட்டிலில் எங்கள் தண்ணீரைப் பிடித்து, சோப்புத் துருவலைப் போட்டுக் குலுக்கிக் காட்டினேன். நுரை இல்லை, மேலே அழுக்கு ஆடை மட்டும் மிதந்தது.

"உங்க பட்டையை மாட்டுனா இதுல நொரை வருமுங்களா?" என்று கேட்டேன்.

"நொரைன்னு சொல்ல முடியாதுங்க. தண்ணியோட கொணம் மாறுமுங்க. உப்பு குழாயில ஒட்டாது."

மாமா பாட்டிலை வாங்கி இன்னொரு முறை குலுக்கிப் பார்த்தார். "கொணத்த மாத்தி என்னுங்க பண்றது? எனக்கு நொரை வரோணும். நொரை வந்தாச் சொல்லுங்க, இப்பவே மாட்டிரலாம்" என்றார். வந்தவர் மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் நானும் மாமாவும் பஸ் ஏறிச் சேலம் போனோம். ஐந்து ரோடு பக்கம், கடினத் தண்ணீரை மென்மையாக்கும் மெஷின் விற்கும் ஒரு கடை. அதை நடத்துகிற அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். கழுத்தில் சின்னச் சிலுவைச் சங்கிலி, காதோரம் பேனா. நான் முந்திக்கொண்டு, "எங்க தண்ணியில டிடிஎஸ் ரொம்ப ஜாஸ்திங்க" என்று படித்ததையெல்லாம் கொட்டினேன்.

"அது கரைஞ்சிருக்கற எல்லாத்தையும் சேர்த்துக் காட்டறது. இந்த மெஷின் அதைக் குறைக்காது. சுண்ணாம்புச் சத்தை மட்டும்தான் புடிக்கும். தண்ணி கொண்டாந்தீங்களா?"

கொண்டு வந்திருந்தோம். அவர் ஒரு சிறு குப்பியில் எங்கள் தண்ணீரை ஊற்றி ஒரு மருந்தைப் போட்டார். சிவந்தது. இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். நீலமாக மாறும்வரை எத்தனை சொட்டு போகிறதோ அத்தனை கடினம் அந்தத் தண்ணீர். சொட்டு விழுந்துகொண்டே இருந்தது, சிவப்பு அப்படியே இருந்தது. மாமா மேசையில் கையூன்றிக் குனிந்து, "இன்னும் மாறுலீங்களே... இன்னும் மாறுலீங்களே..." என்றார். எங்கள் தண்ணீர் தோற்றுக்கொண்டிருக்கிறது என்பதை மறந்து, ஜெயிக்கிற குதிரைமேல் பந்தயம் கட்டியவர் மாதிரி இருந்தார். கடைசியில் நீலம் வந்தபோது கடைக்கார அம்மாவே, "அடேங்கப்பா" என்றார்.

பிறகு எங்களிடம் கேள்விகள் கேட்டார். வீட்டில் எத்தனை பேர், துணி துவைக்கும் மெஷின் இருக்கிறதா, சமையலுக்கு எந்தத் தண்ணீர். ரொம்பச் சின்னதாக வாங்கினால் ஓயாமல் உப்பில் கழுவிக்கொண்டிருக்க வேண்டும் என்றார். மெஷினின் உருளைக்குள் இருக்கும் ரெசினை மாமாவின் கையில் கொஞ்சம் கொட்டினார். ரவை மாதிரிப் பொன்னிற மணிகள். அவைதான் சுண்ணாம்பைப் பிடித்துவைக்குமாம். நிறைந்து களைத்துப்போனால் உப்புக் கரைசலில் கழுவ வேண்டும், பிடித்ததையெல்லாம் விட்டுவிட்டு மறுபடியும் வேலைக்குத் தயாராகிவிடுமாம். தானாகவே கழுவிக்கொள்ளும் இயந்திரமும் இருந்தது. மாமா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கையால் திருப்பும் வால்வு உள்ளதைப் பிடித்துக்கொண்டார். "கியர் போடறாப்புல இருக்குது" என்று அதை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தவரின் முகத்தைப் பார்த்ததும், எதை வாங்கப்போகிறோம் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

சொட்டு மருந்துப் பெட்டியையும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த அன்று மாலையே தெருவில் பாதிப் பேர் பாட்டிலோடு வந்துவிட்டார்கள். யார் வீட்டுத் தண்ணீருக்கு அதிகச் சொட்டு என்று ஒரே கூச்சல். எங்கள் வீட்டை எதிர்வீடு தோற்கடித்தபோது அந்த வீட்டுக்காரர் பெருமையோடு மீசையைத் தடவிக்கொண்டார்.

அத்தை மட்டும் உள்ளேயிருந்து, மெஷினோடு ஆட்டோவில் வந்திறங்கிய உப்பு மூட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏனுங்க, உப்புத் தண்ணியா இருக்குதுன்னு மெசின் வாங்கறீங்க. அந்த மெசினுக்கு உப்பு மூட்டை வாங்கறீங்க. கேக்கறவிய சிரிக்க மாட்டாங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் ரெசின், சுண்ணாம்பு என்று ஆரம்பித்தேன். அத்தை, "சரி அம்மிணி, என்ற சோத்துக்கும் கொழம்புக்கும் அந்தத் தண்ணி வேண்டாம். எனக்கு பிரஷர் இருக்குது" என்றார். அது நியாயம்தான். கடைக்கார அம்மாவும் அதையே சொல்லியிருந்தார். அதனால் குளியலறைக்கும் துணி துவைக்கும் இடத்துக்கும் போகிற குழாயில் மட்டும் இயந்திரத்தை வைத்தோம். சமையலறைக்கும் செடிகளுக்கும் பழைய வழி அப்படியே இருந்தது.

பிளம்பர் கடைசி இணைப்பை முறுக்கி முடித்ததும் குழாயைத் திறந்து ஒரு குப்பி பிடித்தேன். மருந்தைப் போட்டேன். சிவக்கவே இல்லை, எடுத்த எடுப்பில் நீலம். நான் கத்திய கத்தலில் பிளம்பர் ரெஞ்சைக் கீழே போட்டுவிட்டார்.

முதல் குளியல் மாமாவுக்கு. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவர், வெகுநேரம் ஆகியும் வெளியே வரவில்லை. தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது. பிறகு உள்ளேயிருந்து குரல்: "சாமி! சோப்பு போவ மாட்டேங்குது!"

"நல்லா ஊத்துங்க மாமா!"

"ஊத்திக்கிட்டேதான் இருக்கறன்! வழுவழுன்னு இருக்குது. ஊத்த ஊத்த வழுக்குது!"

தொட்டியே காலியாகிவிடும் போல இருந்தது. பயந்துபோய்க் கடைக்கார அம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. "சோப்பு எப்பவோ போயிருச்சும்மா. மெதுத் தண்ணியில தோல் அப்படித்தான் இருக்கும். இத்தனை நாளா சொரசொரன்னு இருந்ததைத்தான் சுத்தம்னு நெனச்சிருந்தீங்க. வெளிய வரச் சொல்லுங்க" என்றார்.

மாமா விரல் நுனியெல்லாம் சுருங்கி வெளியே வந்தார். முழங்கையைத் தடவினார். மறுபடி தடவினார். "இந்தா புள்ள, தொட்டுப் பாரு" என்று அத்தையிடம் கையை நீட்டினார். அத்தை, "வயசான காலத்துல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்தது நான் போனேன். கொஞ்சம்போல ஷாம்பூதான் எடுத்தேன். நுரை நெற்றியில் வழிந்து கண்ணை மறைத்தது. குளித்து முடித்துச் சீப்பை வைத்தால் உச்சியிலிருந்து நுனிவரை தடையே இல்லாமல் இறங்கியது. அன்று மாலை வேலையிலிருந்து வந்த கணவரை வாசலிலேயே நிறுத்தி, என் பின்னலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, முதல் முறை உப்பில் கழுவும் நாள் வந்தது. மாமா வாளியில் உப்பைக் கரைத்து, வால்வைக் கியர் மாதிரித் தள்ளிக் கரைசலை உள்ளே ஏற்றினார். அதற்கப்புறம் நல்ல தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பழைய லாரி நண்பர் ஒருவர் போன் செய்தார். மாமா மெஷினின் பெருமையை அவருக்கு விளக்கிய உற்சாகத்தில் அலசாமலேயே வால்வைத் திருப்பிவிட்டார். மறுநாள் காலை பல் துலக்கப் போன கணவர் "த்தூ" என்று துப்பிக்கொண்டு ஓடிவந்தார். "கடல் தண்ணியாட்டம் கரிக்குது!"

அத்தை எங்கள் இருவரையும் பார்த்து இடுப்பில் கைவைத்து நின்றதே போதுமாக இருந்தது. நாங்கள் ஓடிப்போய் வால்வைத் திருப்பி, கரிப்பு போகும்வரை அலசிவிட்டோம். அந்தத் தண்ணீர் கருவேப்பிலைச் செடிப் பக்கம் போய்விடாமல், மாமா சாக்கடை வரைக்கும் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அத்தை வாஷிங் மெஷினில் துணி போடமாட்டார். மாமாவின் வேட்டிகளை, செடிக்குப் போகும் பழைய தண்ணீரைப் பிடித்துவந்து கல்லில்தான் துவைப்பார். அவை எவ்வளவு துவைத்தாலும் பழுப்பேறித்தான் இருக்கும். அந்தக் குழப்பத்துக்குச் சில நாள் கழித்து, துவைக்கிற இடத்திலிருந்து, "அம்மிணி! அம்மிணி!" என்று அத்தையின் கூச்சல். விழுந்துவிட்டாரோ என்று பதறி ஓடினேன். அத்தை முழங்கை வரை நுரையில் நின்றுகொண்டிருந்தார். முதல்முறையாகப் புதுத் தண்ணீரைப் பிடித்து, வழக்கம்போலக் கட்டிச் சோப்பை நாலு இழுப்பு அதிகமாகவே இழுத்திருக்கிறார். வேட்டியிலிருந்து நுரை பொங்கி, துவைக்கும் டப் நிறைந்து, தரையெல்லாம் வெண்மேகமாகப் பரவிக்கொண்டிருந்தது.

"எத்தன வருசமாச்சு, இப்பிடி நொரை பாத்து!" என்று சின்னப்பெண் மாதிரிச் சிரித்தார். சத்தம் கேட்டு வந்த மாமாவின் மீது ஒரு கை நுரையை அள்ளி வீசினார். அது அவர் மீசையில் ஒட்டியது. மாமா அசையாமல் நின்றார். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர்கள் இருவரும் விளையாடி நான் பார்த்ததே இல்லை.

அன்று அத்தையை நிறுத்த முடியவில்லை. வேட்டிகள் முடிந்ததும் தலையணை உறை, அது முடிந்ததும் திரைச்சீலை, பிறகு பீரோவில் மடித்து வைத்திருந்த வெள்ளைத் துண்டுகள். மொட்டைமாடியில் கொடி போதாமல் மாமா லாரிக் கயிற்றை எடுத்துவந்து இன்னொரு கொடி கட்டினார். நானும் அத்தையும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் திரைச்சீலையை உதறினோம். பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்தவர், "என்னுங்க, ஊட்டுல ஏதாச்சும் விசேசமுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றார் அத்தை. "கீழ வாங்க, காட்டறேன்."