பினாங்கு ஸ்டேஷனில் ரயிலைத் தேடியவன்

சென்ற ஆவணியில் அக்கா மகன் கல்யாணத்துக்காக நானும் என் மனைவி பாக்கியமும் நாகப்பட்டினத்தில் கப்பலேறினோம். கல்யாணம் மலாய் நாட்டுத் தைப்பிங்கில். அத்தான் அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் நான். மாப்பிள்ளை நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவன். அது போதாதென்று, தாலியையும் கூறைப்புடவையையும் ஊரிலேயே செய்து எடுத்து வரும் பொறுப்பையும் அக்கா என் தலையில் கட்டியிருந்தாள். பினாங்கு வழியாக அந்தப் பக்கம் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்பினால், நான் பட்ட பாட்டில் பாதியாவது அவர்களுக்கு மிச்சமாகும்.

கப்பல் தாமதம். அதற்கு மேல், கரைக்கு வெளியே ஒரு தீவில் அடைத்து வைத்து வைத்தியச் சோதனை வேறு. ஒரு வழியாகப் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் கால் வைத்தபோது ஞாயிறு பொழுது சாய்ந்துவிட்டது. முகூர்த்தமோ மறுநாள் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு. காலை ஒன்பது இருபது வண்டியைப் பிடித்தால் மத்தியானம் தைப்பிங். தாராளமாக நேரமிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ரயில்வே ஸ்டேஷன் படகுத்துறைக்கு எதிரிலேயே இருக்கிறது. அடேயப்பா, அதுவா ஸ்டேஷன்! அண்ணாந்து பார்த்தால் தலைப்பாகை விழுந்துவிடும். உச்சியில் மணிக்கூண்டு. கீழே டிக்கெட் கொடுக்குமிடம், சாமான் அறை. மேலே பெரிய சாப்பாட்டுக் கூடம், துரைமார் தங்கும் ஹோட்டல் அறைகள், அதற்கும் மேலே குமாஸ்தாக்கள் எழுதிக் கொண்டிருக்கும் ஆபீசுகள். ஒரே கட்டடத்துக்குள் ஓர் ஊரை அடுக்கி வைத்திருக்கிறார்கள். இவ்வளவும் கட்டியவன் முக்கியமான ஒன்றை மட்டும் கட்டவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். பாக்கியம் சும்மா இருப்பாளா? ஏழு மணிக்கே என்னைக் கிளப்பிவிட்டாள். நல்ல நேரத்தில் பெட்டியை முதலில் அனுப்பிப் பரஸ்தானம் வைத்துவிட்டால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. அதன்படி தாலியும் புடவையும் இருந்த டிரங்குப் பெட்டியைப் பூட்டி, அத்தான் பெயரும் ஊரும் எழுதி, சாமான் அறையில் கொடுத்தோம். அங்கிருந்தவர் சீட்டை ஒட்டி உள்ளே இழுத்துக்கொண்டார். அந்தப் பெட்டி கடலைத் தாண்டப் போகிறது என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வலித்ததா?

"பரஸ்தானந்தான் ஆயிடுச்சே, நாமும் வண்டியில் போய் உட்காரலாம்" என்றேன்.

"பெட்டி நல்ல நேரத்துல போயிடுச்சு. நாம ஏங்க ராகு காலத்துல காலை எடுத்து வைக்கணும்? ஸ்டேஷனுக்குள்ளதானே இருக்கோம், வண்டி நம்மை விட்டுட்டு எங்க ஓடிடப் போவுது?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். எட்டரை வாக்கில் சனங்கள் மூட்டை முடிச்சோடு எதிரே படகுத்துறையை நோக்கி ஓடினார்கள். "பாவம், எந்தத் தீவுக்குப் போவுதுங்களோ" என்று பாக்கியம் இரக்கப்பட்டாள்.

மணிக்கூண்டு ஒன்பது அடித்ததும் எழுந்து பிளாட்பாரத்தைத் தேடினேன். பின்பக்கம் போனேன், ரிக்‌ஷாக்கள் நின்றன. மறுபக்கம் போனேன், மாட்டுவண்டிகள். இவ்வளவு உயரக் கட்டடத்தில் ரயிலையும் மேலே ஏற்றியிருப்பார்களோ என்னவோ என்று மாடியேறினேன். சிரிக்காதீர்கள். வேறே எங்கே போய்த் தேடுவது? ஒரு கதவைத் திறந்தால் முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஒரு துரை நின்று கத்தினான். அவன் கத்தலுக்கு ஓடிவந்தவர் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்யும் காதர் என்ற தமிழர், மலாய்க்காரர் மாதிரி பேச்சில் 'லா' சேர்ப்பவர்.

"என்னாண்ணே தேடுறீங்க?"

"ரயிலைத்தான்! பிளாட்பாரம் எந்த மாடியில்?"

காதர் என்னைக் கையைப் பிடித்து வராந்தாவுக்கு அழைத்துப் போனார். கடலுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் புகை தெரிந்தது.

"அதான் பிறைங்கிற ஊரு. வண்டி அங்கதாண்ணே நிக்கும். இங்க டிக்கெட்டு மட்டுந்தான் லா. எட்டரை ஃபெரிப் படகுல ஏறியிருக்கணும்."

"பெட்டி?"

"அது மொத ஃபெரியிலயே போயிருக்கும்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த மணிக்கூண்டைப் பிடுங்கிக் கடலில் எறிந்திருப்பேன். தண்டவாளமே இல்லாத இடத்துக்கு ஸ்டேஷன் என்று பெயர் வைத்தவனை என்ன சொல்லித் திட்டுவது? பாக்கியம் அழ ஆரம்பித்துவிட்டாள். சாவியோ என் இடுப்பில். கடைசியில் காதர்தான் தந்தியாபீசுக்குக் கூட்டிப் போனார். "பெட்டியில் தாலி. பூட்டை உடைக்கவும்" என்று அத்தானுக்குத் தந்தி கொடுத்தேன். அடுத்த படகில் அக்கரை போய் மோட்டார் கேட்டேன், ஒன்றும் கிடைக்கவில்லை. மாலை மூன்றரை வண்டிதான்.

அறுபது மைல் தூரம். தைப்பிங்கில் இறங்கும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. பந்தலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. மணவறைக்குப் பக்கத்தில், தாய்மாமனுக்குப் போட்டிருந்த நாற்காலியில், பூட்டு உடைந்த என் டிரங்குப் பெட்டி. அதற்குச் சந்தனம், குங்குமம், எனக்கு வாங்கி வைத்திருந்த மாலை!

அக்கா என்னைப் பார்த்தாள். "ஏண்டா, பெட்டிக்குத் தெரிஞ்ச வழி உனக்குத் தெரியலையா?" என்றாள். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள்.

பாக்கியம் என் காதில், "நல்ல நேரத்துல அனுப்புனோம் பாத்தீங்களா, தாலி குறைவில்லாமப் போய்ச் சேர்ந்துடுச்சு" என்றாள். இவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய!

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பினாங்கில் ரயில் கிடையாது, பிறையில்தான். டிக்கெட்டிலேயே படகுக் கூலியும் சேர்த்தி, தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். வண்டி நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே படகில் ஏறுங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் காப்பி நன்றாக இருக்கும் என்கிறார்கள். எனக்குக் குடிக்க வாய்க்கவில்லை. ராகு காலம் பார்க்கிறவர்கள் படகுக்குப் பாருங்கள், ரயிலுக்குப் பார்க்காதீர்கள்.

பட்டத்தைப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் கட்டினாராம். கட்டி முடிந்ததும் தாய்மாமன் காலில் விழச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா மகன் அந்தப் பெட்டிக்கு முன்னால் விழுந்து எழுந்திருக்கிறான். மறுநாள் காலை அவன் என்னிடம் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியின் மேலிருந்த சந்தனத்தைத் துடைக்கப் போன பாக்கியத்தை வேண்டாமென்று தடுத்துவிட்டேன்.