நாலாவது அடி

ஸ்கேல் சார் என்று ஊரே மரியாதையாகக் கூப்பிட்ட அந்த ஆள் என் தங்கை புருஷன்தான். வெளிநாட்டு வேலைக்குப் பரீட்சை எழுதுகிறவர்களுக்கு வீட்டு முன்னறையில் ஆங்கில டியூஷன் எடுத்தான். நீளமான வார்த்தையைக் கூறு போட்டு, ஒரு அசைக்கு ஒரு அடியாக, உள்ளங்கையில் இரும்பு ஸ்கேலால் போடுவான். அழுத்தம் விழுகிற அசைக்கு மட்டும் கையை முழுசாக ஓங்குவான். "வார்த்தையோட வால்ல 'இட்டி' வந்தா, அதுக்கு முந்தின அசைதான் கனம்" என்பான். கை வீங்கிப் போனவர்கள் எல்லாரும் பாஸானார்கள். என் மகனும் அப்படிப் பாஸாகி வேலைக்குப் போனவன்தான். அதனால்தான் தங்கை முகத்தில் வீக்கத்தைப் பார்த்தும் ஆறு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்டவள் நான்.

தங்கை சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தாள். ஏ பி சி டிக்கு மேல் தெரியாது. ஆனால் அடுப்படியில் நின்று கேட்டுக் கேட்டு, எந்த வார்த்தைக்கு எத்தனையாவது அடி பலமாக விழும் என்பது அவளுக்கு அத்துப்படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் தன் ஏழு வயது மகளை அன்றுதான் முதல்முறையாக மேஜை முன்னால் நிறுத்தினான்.

"அவ சின்னவ. வேண்டாங்க" என்றாள் தங்கை.

"உன்னை மாதிரி தற்குறியா நிக்கணுமா?" என்றவன் மகள் பக்கம் திரும்பினான். "கையை நீட்டு. ரெஸ்பான்ஸிபிலிட்டி. சொல்லு."

ரெ. ஸ்பான். ஸி. மூன்றும் லேசாக விழுந்தன. குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டது. நாலாவது அசை 'பி'க்கு அவன் கை தோளுக்கு மேலே போகும் என்று தங்கைக்குத் தெரியும். போனது. இறங்குவதற்குள் குறுக்கே பாய்ந்து ஸ்கேலைப் பிடித்தாள். விளிம்பு உள்ளங்கையைக் கிழித்து எலும்பு வரைக்கும் இறங்கியது. அவள் விடவில்லை. முறுக்கிப் பிடுங்கி, காதோடு சேர்த்து ஒன்று போட்டாள். நாற்காலியோடு சரிந்தான். அப்புறம் மூக்கு, முழங்கை, அவன் ஸ்கேல் பிடிக்கிற விரல்கள். அவள் அடித்ததில் லேசான அடி என்று ஒன்றுகூட இல்லை.

"அக்கா, இவளைப் புடிங்க" என்று என்னிடம் கெஞ்சினான். நான் போய் வாசற்கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

அன்றைக்கே தங்கையையும் குழந்தையையும் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். தங்கைக்கு இரண்டு விரல் மடங்குவதில்லை. கம்பெனியில் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். "போனாப் போகுதுக்கா, புள்ள கை தப்பிச்சுதே" என்கிறாள்.

புள்ள நன்றாகத்தான் படிக்கிறாள். நீளமான வார்த்தை வந்தால் மட்டும், இரண்டு கையையும் தொடைக்கடியில் திணித்துக்கொண்ட பிறகுதான் வாயைத் திறக்கிறாள்.