கேரி பேக் கட்டிய போர்

சித்தப்பா தன் பங்கு நிலத்தில் போர் போடப்போகிறார் என்றதும் எனக்கு ஒரே குஷி. எங்கள் வீட்டில்தான் யாருக்கும் சோறு இறங்கவில்லை. வரப்புக்கு இந்தப் பக்கம் எங்கள் பழைய போர் இருந்தது. இரண்டுக்கும் அடியில் ஒரே ஊத்து என்றால், அவர் மோட்டார் போட்டதும் எங்கள் மிளகாய் காயும். அப்புறம் அண்ணன் தம்பி பேச்சும் நிற்கும்.

போர் வண்டிக்காரர் ஒரு வழி சொன்னார். "நான் கம்ப்ரசர் காத்தை விடுறப்ப, ஊத்து ஒண்ணுன்னா ஒங்க போர் வாயில ஊதும்ணே."

அப்பா மோட்டாரைக் கழற்றி மேலே எடுத்துவிட்டு, எங்கள் போர் வாயில் ஒரு கேரி பேக்கைக் கவிழ்த்துக் கட்டினார். காவலுக்கு நான். தண்ணீர் பனைமர உயரம் பொங்கி அடிக்கப்போகிறது என்று ஆசையாகக் காத்திருந்தேன்.

வண்டி உறுமியது. வெள்ளைப் பாறை மாவு பறந்தது. திடீரென்று பை துள்ளியது.

"அப்பா, ஊதுது!"

அம்மா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா தன் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. சித்தப்பாதான் கையைத் தூக்கி, "நிறுத்துங்க, போர் வேண்டாம்" என்றார்.

கம்ப்ரசர் அடங்கியது. பை அடங்கவில்லை. சித்தப்பா ஓடிவந்து கயிற்றை அவிழ்த்தார். உள்ளேயிருந்து ஒரு தவளை அவர் சட்டையில் தாவி, வரப்பைத் தாண்டிப் போயிற்று.

"இவுகதான் ஒங்க ஊத்தாக்கும்!" என்றாள் சித்தி.

அப்பா சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. "ஏலே, ஓட்டச் சொல்லுலே வண்டிய" என்றார்.

பையை மறுபடி கட்டினோம். சித்தப்பா பக்கம் தண்ணீர் பீய்ச்சி அடித்தபோதும் அது அசையாமல் சுருங்கிக் கிடந்தது.

இப்போது நான் நிலத்தடி நீர் பற்றித்தான் படிக்கிறேன். பாறையில் எத்தனை விரிசல் இருந்தாலும் போதாது, அவை ஒன்றோடொன்று கைகோத்தால்தான் நீர் கடக்கும், ஓரிடத்தில் விட்டுப்போனாலும் வரப்புக்கு அந்தப் பக்கம் வேறு உலகம் என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அன்றைக்கோ எனக்கு அழுகை முட்டியது. எங்கள் போர் பொங்கவே இல்லையே!

"ரெண்டு ஊத்தும் சேந்திருந்தா நல்லாயிருக்கும்லப்பா?"

அப்பா பைப்பு வாங்கப் பந்தல்குடிக்குக் கிளம்பிய சித்தப்பாவின் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டார். புழுதி அடங்கும்வரை அம்மா ஏன் அண்ணன் தம்பி போன பைக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்பதும் எனக்கு விளங்கவில்லை.