மனோபல வகுப்பும் என் வடைத் தட்டும்

வடை விற்கிறவளுக்கு வாய் வேண்டும் என்பார்கள். எனக்கோ "வடை" என்று ஒரு தரம் கூவுவதற்குள் காது சிவந்துவிடும். அதனால்தான் மாட்டுங்காவில் ஒரு மாடி ஹாலுக்கு வெளியே, வராந்தாவில் இடம் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே மனோபல வகுப்பு நடக்கும். கோட்டுப் போட்ட ஒரு மாஸ்டர், மனசைத் திடப்படுத்தினால் வாழ்க்கையில் முன்னேறலாம் என்று மூச்சுவிடாமல் பேசுவார். வெளியே வருகிறவர்கள் பசியோடு வருவார்கள். நான் கூவ வேண்டியதில்லை. மடியில் பிள்ளை, முன்னால் தட்டு. பக்கத்தில் டீ விற்கிற பாக்கியம் அக்கா. அவளும் எங்களைப் போலத் தாராவிதான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வகுப்புக்குப் போகிற ஆள் இருந்தால், நான் பட்ட எரிச்சல் உங்களுக்குப் புரியும்.

அழுகிற மனிதர்

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வகுப்பு. அதில் வாராவாரம் ஒரே மனிதர் எழுந்து நின்று தன் கதையைச் சொல்லி அழுவார். உள்ளே போகுமுன் என்னிடம் இரண்டு வடை தின்றுவிட்டுத்தான் போவார். கதவு திறந்தே இருப்பதால் எல்லாம் காதில் விழும். ஒரு வாரம் அவர் செம்பூரில் கிளார்க். வகுப்புக்கு வந்த பிறகு ஆபீசராகிவிட்டார். அடுத்த வாரம் தாதரில் நொடித்துப்போன கடைக்காரர். இப்போது கடை பிரமாதமாக ஓடுகிறது. ஒரு தரம் கேட்டவர்களை மேல் வகுப்புக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே இவர் வாய் திறப்பதில்லை. அதனால் இரண்டாவது கதை யாருக்கும் தெரியாது.

நான் ஒரு மக்கு. பாவம், வேலை மாறியிருப்பார் போல என்றுதான் முதலில் நினைத்தேன். பாக்கியம் அக்காவிடம் அதைச் சொன்னதும் சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்த டம்ளர் ஆடிற்று.

"கோட்டிக்காரி, வாராவாரம் இலாகா மாத்துததுக்கு அவன் என்ன மந்திரியா, ஏட்டி?"

மருந்து கேட்கவில்லை

மேல் வகுப்பில் ஒரு டைப்பிஸ்ட் மாமா இருந்தார், பாலக்காட்டுக்காரர். கண்ணாடி முன் நின்று "நான் ஜெயிப்பேன்" என்று காலையும் மாலையும் சொல்லிப் பார்த்தாராம். பதவி உயர்வு வரவில்லை. கேட்டே விடுகிறேன் என்று கோபமாகத்தான் உள்ளே போனார். மாஸ்டர் அவர் தோளில் கை போட்டு, "கோளாறு பாடத்தில் இல்லை, உங்கள் நம்பிக்கையில் இருக்கிறது. விசேஷ வகுப்பில் ஒரே ஒரு இடம் காலி, இன்றே சேர்ந்துவிடுங்கள்" என்றார். ஊசிப்போன வடையை விற்றுவிட்டு, "கோளாறு உங்கள் நாக்கில், இன்னும் நாலு வாங்குங்கள்" என்று நான் சொன்னால் தட்டை என் தலையில் கவிழ்த்துவிடமாட்டார்களா? மாமாவோ பணத்தைக் கட்டிவிட்டு முகம் மலர்ந்து வெளியே வந்தார்.

"கேட்டியோ, என் மேலதான் தப்புன்னு எவ்வளவு நயமாச் சொன்னார்! இதையே ஆத்துல அவ சொன்னா கோபம்னா வரது!"

என் வீட்டுக்காரர் ஏறிய படி

இதையெல்லாம் வேடிக்கை பார்த்தவள் வீட்டிலேயே வினை வந்தது. எங்க வீட்டுக்காரருக்குக் குர்லாவில் ஒரு பட்டறையில் லேத் வேலை. ஒரு நாள் என்னைக் கூட்டிப்போக வந்தவரை மாஸ்டர் கைப்பிடித்து உள்ளே அழைத்துப்போனார். அழுகிறவர் அன்றைக்குச் செம்பூர் கிளார்க். அன்றோடு என் வீட்டுக்காரர் ஆள் மாறிவிட்டார். மேல் வகுப்பில் மாஸ்டர், "சம்பள வேலை கால் விலங்கு, உதறிவிட்டு எனக்கு உதவியாளராக வா. வீட்டில் சொல்லாதே, பின்னுக்கு இழுப்பார்கள்" என்றாராம். இவருக்கு எந்த ரகசியமும் வயிற்றில் தங்காது. அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டார். இந்த வாரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, அடுத்த திங்கட்கிழமை வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று பட்டறை முதலாளியிடம் சொல்லப்போகிறாராம்.

வாடகைக்கு என்ன செய்வது, பிள்ளைக்குப் பால் எங்கே என்று கேட்டேன். அந்த ஆள் அழுவது பொய் என்றும் சொன்னேன். நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் கோவிலில் ஆராதனை நடுவில் ஒருத்தர் எழுந்து, காய்ச்சல் நீங்கியதையோ வேலை கிடைத்ததையோ கண்ணீரோடு சாட்சி சொல்வது வழக்கம். அப்படி நிற்கிறவர் பொய் சொல்லி நாங்கள் கண்டதில்லை. இவர் அந்தக் கணக்கை அப்படியே மாடி ஹாலுக்குக் கொண்டுபோய்விட்டார்.

"நாலு பேர் முன்னால எந்திச்சு நின்னு சாட்சி சொல்லுதவன் பொய் சொல்லுவானா, ஏளா?"

கெட்டிலுக்குப் பின்னால்

பேசி ஜெயிக்க என்னால் ஆகாது. அந்தத் திங்களுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, "பிள்ளை இறங்கமாட்டேங்கான், முதல் வகுப்பு முடியுற வரைக்கும் எனக்குப் பதிலா அக்காவுக்கு ஒத்தாசையா டீ ஊத்திக் குடுங்க" என்று இவரைக் கெட்டிலுக்குப் பின்னால் உட்காரவைத்தேன். அழுகிற மனிதர் அவசரமாக வந்தார். டீ ஊற்றுகிறவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

"இன்னைக்கு எந்த ஊரு, அண்ணாச்சி?" என்றாள் பாக்கியம் அக்கா.

"கோவண்டி. பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா, வகுப்புக்கு வந்தப்புறம் திரும்பி வந்துட்டா. சூடாக் குடுப்பா, தொண்டை கட்டுது."

இவர் பாதி டீயைத் தன் கையிலேயே ஊற்றிக்கொண்டார். ஊதக்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில், கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டிக்காக உள்ளே அழுகை கேட்டது. இவர் எழுந்து கதவோரம் நின்று, முடியும்வரை கேட்டார். மேல் வகுப்புக்கு மணி அடித்தபோது உள்ளே போகவில்லை. என் மடியிலிருந்த பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். நாலு படி இறங்கி நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"நல்லாத்தான் அழுதான்... நாளைக்குப் பட்டறைக்குச் சோறு கட்டிரு."

இந்த மாதிரி வகுப்புகளின் பொய்யை எப்படிக் கண்டுபிடிப்பது என்று என்னைக் கேட்டால், உள்ளே மேடையில் பேசுவதைக் கேட்பதை விட்டுவிட்டு, வெளியே டீ குடிக்கிறவர்கள் பேசுவதைக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன்.