வருஷத்துக்கு எத்தனை ஓடுவீங்க

காரைப் பார்க்க வந்தவர்கள் யாரும் முதலில் விலையைக் கேட்கவில்லை. "வருஷத்துக்கு எத்தன கிலோமீட்டர் ஓடுவீங்க சேர்?" என்றுதான் கேட்டார்கள். ஹைபிரிட் கார் என்றால் அப்படித்தான். எஞ்சினை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, பயமெல்லாம் பெட்டரியைப் பற்றித்தான். நிறைய ஓடியிருந்தாலும் பயம், ஓடாமல் கிடந்திருந்தாலும் பயம். நான் பதில் சொல்ல மாட்டேன். கதவைத் திறந்து மீட்டரைக் காட்டிவிடுவேன். ஒரு லட்சத்துப் பதினாறாயிரத்தைத் தாண்டி நின்றது. பார்த்தவர் முகம் சுருங்கும். வெலிமடையிலிருந்து வந்த கிழங்கு வியாபாரி ஒருவர் காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "வாடகைக்கு, ஹயருக்கு விட்டீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நீங்க கெளம்புங்க" என்றேன். மனிதர் தேத்தண்ணியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

கணக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. நான் தோட்டப் பாடசாலையில் கணக்கு வாத்தியார். பெரகல சந்திக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் அவளை அங்கே ரத்தம் கழுவக் கூட்டிப் போனேன். மூன்றரை வருஷம். தீபாவளி என்றும் பார்க்கவில்லை, தேர்தல் என்றும் பார்க்கவில்லை. மண் சரிந்து பாதை மூடிக் கிடந்த நாளில் வெலிமடையைச் சுற்றிக்கொண்டு போனோம். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் நான் வரிசையிலேயே குடியிருந்தேன். இதையெல்லாம் ஒரு கிழங்கு வியாபாரியிடம் நான் ஏன் ஒப்பிக்க வேண்டும்?

போகும் வழி பெரும்பாலும் இறக்கம். அப்புத்தளை வரைதான் ஏற வேண்டும், அதன் பிறகு பண்டாரவளை, தெமோதரை, ஹாலிஎல என்று இறங்கிக்கொண்டே போகலாம். ஹைபிரிட் காருக்கு இறக்கம் என்றால் கொண்டாட்டம். எஞ்சின் ஓய்ந்துவிடும், சக்கரம் சுழல்கிற சுழற்சியிலேயே பெட்டரி நிறையும். முன்னால் இருக்கும் சின்னத் திரையில் கோடு கோடாக ஏறுவது தெரியும். திரும்பி ஏறி வரும்போது ஒவ்வொரு கோடாகக் குறையும். அவள் அதையே பார்த்துக்கொண்டு வருவாள். கால் வீங்கி, முகம் ஊதிப்போய்தான் போவாள். நாலு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு, துவைத்துப் பிழிந்த துணி மாதிரி வருவாள்.

"என்னாங்க, இந்தக் காரும் நானும் ஒன்னுதான். போகையில நெறஞ்சு போறோம், வரையில காலியா வாறோம்" என்று ஒரு நாள் சொன்னாள்.

நான் சிரித்தேன். நல்ல பகிடி என்றுகூடச் சொன்னேன். இப்போது நினைத்தால் எப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

என் கவனமெல்லாம் வேறொரு எண்ணில் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஹைபிரிட் வைத்திருக்கும் வாத்திமார் நாலைந்து பேர் இருக்கிறோம். சந்தித்தால் சுகம் விசாரிக்க மாட்டோம், "லீட்டருக்கு எத்தன?" என்றுதான் கேட்போம். ஒருவர் இருபத்திரண்டு என்பார். மற்றவர் இருபத்து மூன்று என்று புளுகுவார். நான் இருபத்து நான்குக்கு மேல் காட்ட வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன். பிரேக்கை மெதுவாகப் பிடிப்பேன், ஏற்றத்தில் எறும்பு மாதிரி ஏறுவேன். ஏற்றத்தில் ஏசி போட்டால் எஞ்சின் கத்தும், எண் இறங்கிவிடும். பதுளையை விட்டுக் கிளம்பும்போது மத்தியான வெயில் காருக்குள் கொதிக்கும். அவளுக்கு வயிற்றைப் புரட்டும். "கொஞ்சம் ஏசி போடுங்களேன்" என்பாள். "பண்டாரவளைக்குப் போனா தானா குளிரும், பொறுத்துக்க" என்பேன். அவளும் பொறுத்துக்கொண்டாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, அத்தனை வளைவும் பொறுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து திரையில் இருபத்து நாலு புள்ளி மூன்று என்று பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

அவளுக்குக் கிலோமீட்டர் பிடிபடவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள், பின்னால் சின்ன வகுப்புகளுக்கு டீச்சரானவள். ஆனாலும் தூரம் என்றால் கட்டைதான். ஒரு மைலுக்கு ஒரு கட்டை. "இந்த ஆஸ்பத்திரிக்குன்னு நாம எத்தன கட்ட வந்திருப்போம்?" என்று அடிக்கடி கேட்பாள். நான் கணக்குப் போட்டுச் சொல்வேன். "இவ்வளவு தூரம் நேரா போயிருந்தா எங்க போய்ச் சேர்ந்திருப்போம்?" என்பாள். "கடலுக்குள்ள" என்பேன் நான்.

வரும் வழியில் கும்பல்வெல சந்தியில் எல்ல என்ற ஊருக்கு ஒரு பாதை பிரியும். மலை பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் மூட்டையைச் சுமந்துகொண்டு நடப்பார்கள். எல்ல எங்கள் வாசலில் இருக்கிற மாதிரிதான், ஆனால் அவள் அங்கே இறங்கி நின்றதே இல்லை. சின்ன வயதில் ரயிலில் கடந்து போயிருக்கிறாள், அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை, அன்று அவளுக்கு உடம்பு கொஞ்சம் தேவலை, "அந்தப் பக்கம் ஒருக்கா திருப்புங்களேன். ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு, சும்மா கொஞ்ச நேரம் பார்த்துட்டுப் போவோம்" என்றாள். போய் வர ஆறேழு கிலோமீட்டர் இருக்கும். எனக்குப் பசி, மறுநாள் திருத்த வேண்டிய விடைத்தாள் ஒரு கட்டு வீட்டில் கிடந்தது. "இன்னொரு நாளைக்குப் போவோம்" என்றேன். அவள் சரி என்றாள். முகம்கூடக் கோணவில்லை. அந்தச் சந்தியை அதன் பிறகு எத்தனையோ தடவை கடந்தோம். அவள் திரும்பக் கேட்கவில்லை, நானும் திருப்பவில்லை. மூன்றரை வருஷம் அவளை ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அதில் ஒரு கிலோமீட்டர்கூட அவள் ஆசைக்காக ஓடியதில்லை.

அவள் போனது ஒரு புதன்கிழமை, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாத நாள். காலையில் தலை சீவிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். காரை வெளியே எடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை விடிகாலை எனக்குத் தானாக விழிப்பு வந்தது. வீடு நிறைய உறவுக்காரர்கள் படுத்திருந்தார்கள். நான் காரை எடுத்துக்கொண்டு பதுளைக்குப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில், வழக்கமாக அவளை இறக்கிவிடும் இடத்தில் நிறுத்தினேன். பின்னால் வந்த திரீவீல்காரர் ஹோர்ன் அடித்த பிறகுதான் சுயநினைவு வந்தது. திரும்பி வந்தேன். அந்த நூறு கிலோமீட்டரும் மீட்டரில் ஏறியிருந்தது.

அதன் பிறகு காரைத் தொடவில்லை. மூன்று மாதம் நின்ற இடத்தில் நின்றதில் காரைக் கிளப்பும் சின்ன பெட்டரி செத்துப்போனது, புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். விற்றுவிடலாம் என்று பதுளையில் ஒரு தரகரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், என்னிடம் படித்த ஒரு பையனுக்குச் சித்தப்பா முறை. கிழங்கு வியாபாரியோடு சேர்த்து ஐந்து பேர் வந்து போன பிறகு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சேர், கோவிச்சுக்காதீங்க. இந்த நம்பரோட விக்க ஏலாது. நம்ம பக்கம் ஹைபிரிட் வச்சிருக்கவங்க யாரும் இவ்வளவு ஓட மாட்டாங்க. மீட்டரக் கொஞ்சம் கொறச்சிருவோம். எல்லாரும் செய்யிறதுதான். நீங்க வாங்கையில இருந்த நம்பர் மட்டும் நெசம்னா நெனக்கிறீங்க?"

"நான் வாத்தியார்யா. பொய்க் கணக்கு எழுதச் சொல்றியா?" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மறுவாரம் ஆறாவது ஆள் வந்தார். அதே கேள்வி. அன்று மாலை தரகருக்கு நானே போன் எடுத்து, "செஞ்சிருங்க" என்றேன். விலைக்காகச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை இன்னொரு வாயிலிருந்து கேட்க எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

இரண்டு நாளில் காரைக் கொண்டுவந்து விட்டார். கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன். மீட்டரில் அறுபத்தோராயிரத்துச் சில்லறை. தரகர் ஏதோ ஒரு எண்ணைப் போடச் சொல்லியிருக்கிறார், அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் எனக்கு அந்த அறுபத்தோராயிரம் தெரியும். கார் முதல் தடவை அந்த எண்ணில் நின்றபோது அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். படியில் இரண்டு இரண்டாக ஏறுவாள். பதுளைக்கு நாங்கள் துணி எடுக்கத்தான் போவோம். கால் வீக்கம் என்று அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருக்கவில்லை.

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு பக்கத்து சீட்டைப் பார்த்தேன்.

இறங்கி வந்து, "பழைய நம்பரையே திரும்பப் போடச் சொல்லுங்க" என்றேன்.

தரகர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொறைக்கச் சொல்லித்தான் சேர் எல்லாரும் வருவாங்க. ஏத்தச் சொல்லி ஒருத்தரும் கேட்டதில்ல."

"போடச் சொல்லுங்க. கார் விக்காட்டியும் பரவால்ல."

அவர் போனை எடுத்து, மீட்டரை மாற்றிக் கொடுத்த ஆளைக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "பழைய நம்பர் சரியா எத்தன சேர்?"

"ஒரு லட்சத்துப் பதினாறாயிரத்து" என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. எந்தச் செவ்வாய்க்கிழமை லீட்டருக்கு எத்தனை ஓடியது என்று கேட்டிருந்தால் புள்ளியோடு சொல்லியிருப்பேன். கடைசி மூன்று இலக்கத்தை நான் பார்த்து வைக்கவே இல்லை. கண்ணை மூடிப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. அவள் செத்த அன்றுகூட வராத அழுகை, அந்த மனிதர் முன்னால் நின்றுகொண்டிருக்கும்போது வந்தது.

தரகர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "ஏதாவது ஒரு நம்பர் போட்டுக்குவோமா சேர்?" என்று மெதுவாகக் கேட்டார்.